துணைக்கால்

பூலாங்கரை சட்டமன்றத் தொகுதி,
முன்னாள் உறுப்பினர்கள்:
வெள்ளைக் கல்லில் வெட்டி
அலுவலக வாசலில் பதிக்க வேண்டும்.
ஆணை வந்தது சித்திரையில்.
மின்விசிறியும் புழுங்குகிற தாலுகா ஆபீசில்
மற்ற மேசைகளைத் தாண்டி
என் மேசைக்கு.

ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது.
யாரோ தட்டச்சு செய்து
யாரோ அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து
மூன்றாம் கார்பன் படியில் நீலமாய் மங்கியது.
பதினொரு வரி.
ஆறிலும் ஏழிலும் த. ஞானசிகாமணி.
அடுத்தடுத்து இருமுறை.

பாளையங்கோட்டையில்
பழைய அரசிதழ்கள் அடுக்கிய அறைக்கு
நான்கு சனிக்கிழமை பஸ் ஏறினேன்.
ராமபாணப் பூச்சி
எந்தக் கட்சியையும் விட்டுவைக்கவில்லை.
மிஞ்சிய ஓரங்களில் கிடைத்தது:
ஒருவர் தங்கையா மகன், பீடி இலை வியாபாரி.
மற்றவர் தாவீது மகன், கணக்கு வாத்தியார்.
த.
தா.
ஒரு கால் ஒடிந்ததில்
இரண்டு ஆள் ஒரே ஆளாகி
பத்து வருஷம் இருந்துவிட்டார்.

அதோடு போகவில்லை.
இரண்டாம் தேர்தலில்
வாத்தியார் வென்றது வியாபாரியை.
பட்டியல்படி பார்த்தால்
மனிதர் தன்னைத்தானே தோற்கடித்து
தனக்கே மாலை போட்டிருக்கிறார்.

கல் சாட்சி சொல்லும் என்று
பச்சையாற்றுச் சிறுபாலத்துக்குப் போனேன்.
சாணி வரட்டியைப் பெயர்த்துப் படித்தேன்:
சட்டமன்ற உறுப்பினர் த. ஞானசிகாமணி
திறந்துவைத்தது.
தேதியைக் கணக்கிட்டால்
அவர் தோற்று ஏழு வாரம்.
கல்லும் பொய் சொல்லும்,
காகிதத்தைவிட அழுத்தமாய்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பதினேழு கிராமம்
அப்போது எங்களோடு இருந்தது.
இப்போது இல்லை.
அடிக்குறிப்பு எழுதினேன்.
கல்லில் அடிக்குறிப்பு கிடையாதாம்.

ஒன்பதாமவர் பதவியிலேயே இறந்தார்.
பதினான்கு மாதம் யாருமில்லை.
‘காலியிடம்’ என்று ஒரு வரி கேட்டேன்.
தாசில்தார் சிரித்தார்:
“ஆளே இல்லாததுக்கும் கல்லாம்மா?”
அந்தப் பதினான்கு மாதத்துக் கடிதக் கட்டு
ரிக்கார்டு ரூமில் தனியாக இருக்கிறது.
மேலே ‘உறுப்பினர் அவர்களுக்கு’.
பசை கூடப் பிரியவில்லை.

வைகாசியில் பொன்னுலிங்கம் வந்தார்,
தங்கையாவின் பேரர்,
அப்பா படத்தை லேமினேட் செய்து
மடியில் வைத்துக்கொண்டு.
“எங்கப்பா ரெண்டு தடவ ஜெயிச்சாவன்னுதான்
பள்ளிக்கூட விழாவுல வாசிக்காவ.
ஒரு காலுதானம்மா. விட்டுருங்களேன்.”
அவருக்குத் தெரியும்.
பேசும்போது படத்தைத்தான் பார்த்தார்.
டீ சொன்னேன், ஆறிப்போனது.
எழுந்து கதவு வரை போய்த் திரும்பிக் கேட்டார்:
“எத்தன ஓட்டுல?”
“இருநூற்றுப் பதினொன்று.”
“அவ்வளவுதானா” என்றார்,
எண்ணிக்கை மேசைக்கு எதிரே
இன்னும் நிற்பவர் மாதிரி.

தாவீது வீட்டில் கேட்க யாருமில்லை.
வீடே இல்லை.
அங்கே பெட்ரோல் பங்க்.

கல்வெட்டுகிற மூக்கையா
பழைய படியைப் பார்த்து
எல்லாவற்றையும் முடித்திருந்தார்.
ஏழாம் வரியில் த-வுக்கும் புள்ளிக்கும் நடுவே
நெல்மணி அளவு இடம்.
“நுழைச்சுப் பாக்கேன்.
ஒல்லியாத்தான் வரும், பாத்துக்கோங்க.”
ஒன்பதாம் பெயருக்கும் பத்துக்கும் நடுவே
நல்லவேளை, அவர் உளியே
ஒரு விரல்கடை தாண்டியிருந்தது.
அப்படியே இருக்கட்டும் என்றேன்.
வெற்றிடத்துக்குக் கூலி வாங்குவதில்லையாம்.

திறப்பு விழாவில்
கல்லை யாரும் படிக்கவில்லை.
பந்தல் பிரிக்கிறவர்கள் அதன்மேல்
கயிற்றைச் சாத்தி வைத்திருந்தார்கள்.
எடுத்துவிட்டுப் பார்த்தேன்.
ஏழாம் வரியில்
ஒரு ஒல்லிக் கால்
புள்ளியை இடித்துக்கொண்டு
நிற்கிறது.